ஏழு நாற்பத்திரண்டு

படகில் ஏறினால் முகத்துவாரம் தாண்டுவதற்குள்
குடல் வாய்க்கு வந்துவிடும் எனக்கு.
வீராம்பட்டினத்தில் பிறந்தவனுக்கு
இதைவிடப் பெரிய வசவு கிடையாது.
அண்ணன் தாண்டவன் கடலுக்குப் போனான்.
நான் கரையில் வாத்தியார் ஆனேன்.

சனி, ஞாயிறு. அரியாங்குப்பம் ஆற்றோரம்.
தலைக்கு எண்ணூறு ரூபாய்.
தூண்டில் என்னுடையது, இறால் என்னுடையது,
இட்லிப் பொட்டலமும் என் கணக்கு.
முதலில் கையெழுத்து:
முள் ஏறினால், சேற்றில் கால் புதைந்தால்
நடத்துநர் பொறுப்பல்ல.
பிறகு முடிச்சு.
ஐந்து சுற்று, வளையத்துக்குள் நுழை, எச்சில் தொட்டு இழு.
எச்சில் என்றதும் பெங்களூர்ப் பையன்கள்
தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள்.

அப்புறம் சேற்றைப் படிக்க வேண்டும்.
இது நண்டு வளை.
வாசலில் மண் ஈரமாக இருந்தால் ஆள் உள்ளே.
கம்பியைக் குத்தாதே, சாய்த்து விடு.
அவனாகக் கொடுக்கால் பிடிக்கும்வரை
மூச்சுகூடச் சத்தம்தான்.
வெளியே வந்ததும் வயிற்று மடிப்பைப் பார்.
முட்டை சுமந்தால் விட்டுவிடு.
மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், விட்டால் போதும்.

இதெல்லாம் சுலபம்.
தூண்டில் வளைந்ததும் எல்லோரும் குழந்தைகள்.
மீன் கரைக்கு வந்ததும்
எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

பையிலிருந்து எடுப்பேன்
பாதியாய் அறுத்த பூரிக்கட்டையை.
கண்ணுக்குப் பின்னால், ஒரே அடி.
அந்த நேரம் பார்த்து
ஓய்வுபெற்ற மின்வாரியக் கணக்கர் அமலோற்பவநாதன்
அலையாத்திக் கிளையில் ஏதோ பறவையைக் கண்டுபிடிப்பார்.
மூன்று வாரமாக அதே பறவை.
ஐந்து வருடம். பிடித்தவர்கள் நூற்றுக்கணக்கில்.
கொன்றவன் ஒருவன்.
ரசீதில் அதற்குத் தனி வரி இல்லை.

மழை விட்ட ஒரு ஞாயிறு
ஜிப்மரில் இரவுப்பணி முடித்து
நேராக வந்தாள் தமயந்தி.
"சும்மா நின்னா தூங்கிடுவேன், வேலை குடுங்க."
ஏழரைக்கு அவள் தூண்டிலில் ஒரு கொடுவா,
முழங்கை நீளம், முரட்டுத்தனம்.
நான் கட்டையை எடுத்தேன்.
"குடுங்க" என்றாள்.

ஈரத்துணி கேட்டு வாங்கிக்
கண்ணை மூடினாள், மீனின் கண்ணை.
செவுளை அழுத்தாமல் உள்ளங்கையில் தாங்கி
நான் யாருக்கும் சொல்லித்தராத ஒரு பிடி.
அடி.
முதுகுத் துடுப்பு ஒருமுறை விரிந்து
மெல்லப் படிந்தது.
அவள் மணிக்கட்டைத் திருப்பினாள்.
"ஏழு நாற்பத்திரண்டு."

எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.
வருகைப் பதிவேட்டைப் பிடித்தபடி
நான்தான் நின்றிருந்தேன்.
"ஐயோ, பழக்கம்" என்று சிரித்தாள்.
சிரித்த வாய் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.
இட்லிக்கு இன்னும் காரச் சட்னி கேட்டாள்.
குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில்
மீனை வைத்து வண்டியில் கட்டிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு அமலோற்பவநாதன் பறவை எதுவும் பார்க்கவில்லை.
அடுத்த வாரம் ஒரு கெளுத்தியோடு வந்து
கட்டைக்குக் கை நீட்டினார்.
முதல் அடி தப்பியது. இரண்டாவதும்.
மூன்றாவதை நான் அடித்தேன்.
கெளுத்தி மண்டை கல், அவரைக் குறைசொல்ல முடியாது.

பதிவேட்டில் பெயர், ஊர், கைபேசி எண்,
அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது.
கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று
எதற்கென்று தெரியாமலே அச்சடித்திருந்தேன்.
இப்போது அதில் நேரம் எழுதுகிறேன்.
6.55 மடவை. 7.10 மடவை.
8.20 கிழங்கான், சிறியது, விட்டது.

அண்ணன் ஒருநாள் புரட்டிப் பார்த்தான்.
"ஒரு மடியில நாலாயிரம் விழும் எனக்கு.
நான் எழுதினா பேனா தாங்குமாடா?"
தாங்காது.
அவன் கைலியில் டீசல் மணம்,
எனக்கு அதற்கே வயிறு புரட்டியது.
கிளம்பும்போது திரும்பிக் கேட்டான்:
"சரி, விட்டதுக்கு எதுக்குடா நேரம்?"

நீர் வற்றத் தொடங்கியிருந்தது.
மறுநாள் வகுப்புக்கு
இறால் உரிக்க உட்கார்ந்தேன்.